வால் கனக்கக் கூடாது: 400 கிராமில் ஒரு ரேடியோ விமானம்

நீடாமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புசெட், நீர்மூழ்கி மோட்டார், மாவு மில் மோட்டார் என்று எரிந்துபோனதெல்லாம் என்னிடம் வரும். நாலு வருடத்துக்கு முன்னால் தங்கை மகள் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். “மாமா, பேட்டரியில ரெண்டு வயர்தானே இருக்கு, இதுல ஏன் மூணு வருது?” என்று கேட்டாள். அன்றைக்குப் பிடித்த வேலை இன்னும் நிற்கவில்லை. இதுவரை ரிமோட்டில் பறக்கும் ஐந்து சின்ன விமானம் கட்டியிருக்கிறோம். இங்கே எழுதுவது ஐந்தாவது விமானத்தின் அளவுகளும் அதைக் கட்டிய விதமும். முதல்முறை கட்டுகிறவர்கள் இந்த அளவை மாற்றாமல் கட்டிப் பாருங்கள்.

எங்கள் முதல் விமானத்தில் கம்பி குட்டையாக இருக்கட்டும் என்று, அந்தக் கம்பியால் வாலை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோ இரண்டையும் வாலுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். வாலை ப்ளைவுட்டில் அறுத்தோம். கையால் எறிந்ததும் மூக்கைத் தூக்கியது, ஒரு நொடி அந்தரத்தில் நின்றது, அப்படியே பின்புறமாகச் சரிந்து வரப்பில் விழுந்தது. சரி, வால் கனம் என்று புரிந்துகொண்டு தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டு 60 கிராமை மூக்கில் கட்டினோம். மொத்த எடை 560 கிராம் ஆகிவிட்டது. பறக்கத்தான் செய்தது. ஆனால் இறங்கும்போது வேகத்தைக் குறைக்க முடியவில்லை. தரையில் மோதி மூக்கு நசுங்கியது.

ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். துலாவின் குட்டையான பக்கத்தில் கல்லைக் கட்டினால்தான் நீளமான பக்கம் எழும்பும். விமானத்தில் எடை மையத்திலிருந்து வால் 48 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, மூக்கு 20 சென்டிமீட்டர்தான். ஆகவே வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் கிட்டத்தட்ட இரண்டரை கிராம் வைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். வாலில் பத்து கிராம் மிச்சம் பிடித்தால் மொத்தத்தில் ஏறக்குறைய 35 கிராம் மிச்சம். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு வேலையிலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

அளவுகள்

தெர்மாகோல் பலகை கடையில் 1 மீட்டருக்கு 50 சென்டிமீட்டர் அளவில் கிடைக்கிறது. அதனால் ஒரு பக்க இறக்கையை 50 செ.மீ என்று வைத்துக்கொண்டேன். முழு இறக்கை 100 செ.மீ நீளம், 18 செ.மீ அகலம். பரப்பு 1800 சதுர செ.மீ. எடையை 400 கிராமுக்குள் அடக்கினால் இந்த இறக்கை மணிக்கு ஏறக்குறைய 20 கி.மீ வேகத்திலேயே அதைத் தாங்கும். சைக்கிளைக் கொஞ்சம் விரட்டி மிதிக்கும் வேகம்தான். கற்றுக்கொள்கிறவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

படுக்கை வால், இறக்கைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு: 36 செ.மீ நீளம், 10 செ.மீ அகலம். நிமிர்ந்த வால், அதில் இடம் வலம் அசையும் ரடரோடு சேர்த்து 14 செ.மீ உயரம், 11 செ.மீ அகலம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூக்கு நுனி 15 செ.மீ. மொத்த உடல் நீளம் 75 செ.மீ.

எடைக் கணக்கு எங்கள் தராசுப்படி: இறக்கை 85, உடல் 60, வால் 20, கம்பி, பசை, டேப் எல்லாம் 25, மோட்டார் 52, ப்ரொபெல்லரும் மோட்டார் பலகையும் 18, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி 22, சர்வோ இரண்டு 18, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் 12, பேட்டரி 88. கூட்டினால் 400. நகை எடை போடும் சின்னத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகமும் முடிந்ததும் எடை போட்டு எழுதுங்கள். கடைசியில் மொத்தமாக நிறுத்தால் எங்கே கூடிப்போனது என்று கண்டுபிடிக்க முடியாது.

மோட்டார்

இனி மருமகளின் கேள்விக்கு வருகிறேன். மூன்று வயர் வருவதற்குக் காரணம், அது நம் வயலில் ஓடும் மூன்று பேஸ் மோட்டாரின் தங்கச்சி. வெளியே காந்தங்கள் ஒட்டிய கிண்ணம் சுற்றும், உள்ளே காயில் அசையாமல் நிற்கும். 2212 அளவு மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் 12 பல்லில் காயில் சுற்றியிருக்கும், கிண்ணத்தில் 14 காந்தம் இருக்கும். பேட்டரியின் நேர்மின்சாரத்தை வெட்டி வெட்டி மூன்று பேஸாக மாற்றித் தருவதுதான் ஈஎஸ்சியின் வேலை. மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் பதற வேண்டாம். மூன்றில் ஏதாவது இரண்டு வயரை மாற்றிப் போடுங்கள். மின்சார வாரியத்து லைனில் பேஸ் மாறிப்போனால் பம்புசெட்டுக்கு நாம் என்ன செய்வோமோ, அதேதான்.

மோட்டாரின் மேல் 1000 கேவி என்று எழுதியிருக்கும். கிலோவோல்ட் என்று நினைத்துவிடக் கூடாது. சுமை இல்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதன் குறி அது. மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 11.1 வோல்ட் என்றால் 11,100 சுற்று. காயிலில் சுற்று குறைந்தால் கேவி கூடும், ஆம்பியரும் கூடும். கேவி கூடிய மோட்டாருக்குச் சின்ன ப்ரொபெல்லர், குறைந்த மோட்டாருக்குப் பெரிய ப்ரொபெல்லர். இதை மாற்றி, கேவி கூடியதில் பெரியதைப் போட்டால் ஈஎஸ்சி எரியும். என் பட்டறைக்கு வரும் மோட்டார்களில் பாதி, தாங்காத சுமையைக் கொடுத்ததால் எரிந்தவைதான். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நாங்கள் போட்டது 2212 அளவு, 1000 கேவி மோட்டார், 20 ஆம்பியர் ஈஎஸ்சி, 3எஸ் (மூன்று செல்) 1000 எம்ஏஎச் பேட்டரி, 8க்கு 4.5 ப்ரொபெல்லர். எட்டு அங்குலம் விட்டம், நாலரை அங்குலம் மறை. ஒரு போல்ட் ஒரு சுற்றுக்கு எவ்வளவு உள்ளே இறங்குமோ அந்தக் கணக்கு. இந்த மோட்டாருக்கு 10 அங்குல ப்ரொபெல்லரும் பொருந்தும். ஆனால் இவ்வளவு சின்ன விமானத்துக்கு அந்த இழுவை தேவையில்லை, இறங்கும்போது தரையில் தட்டி உடையவும் செய்யும்.

இழுவையை வீட்டிலேயே அளக்கலாம். கனமான மரக்கட்டையில் ஒரு அடி உயரக் குச்சியை நட்டு, அதன் உச்சியில் மோட்டாரை வானம் பார்க்க முடுக்கி, கட்டையைச் சமையல் தராசில் வைத்து ஓட்டுங்கள். தராசில் எவ்வளவு குறைகிறதோ அதுதான் இழுவை. எங்களுக்கு 430 கிராம் குறைந்தது. விமானத்தின் எடையில் பாதி இருந்தாலே பறந்துவிடும். முழு எடைக்குச் சமமாக இருந்தால் சிக்கலில் மாட்டும்போது ஏறித் தப்பிக்கலாம். கட்டை இரண்டு கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும், முகத்தைக் குனியாதீர்கள், பக்கத்தில் பிள்ளைகள் நிற்கக் கூடாது. இந்தச் சோதனையைத் தவிர வீட்டுக்குள் செய்யும் எந்த வேலையிலும் ப்ரொபெல்லரைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அது சதையை வெட்டும்.

இறக்கை

25 மி.மீ தடிமனுள்ள தெர்மாகோல் பலகையிலிருந்து சூடான கம்பியால் இறக்கையை அறுக்கிறோம். குறுக்குவெட்டு வடிவம் கிளார்க் ஒய் என்பது. 1922இல் வரைந்த வடிவம், இன்றைக்கும் பழகுகிறவர்களுக்கு இதைவிடத் தோதானது எனக்குத் தெரியவில்லை. அடிப்பக்கம் பெரும்பாலும் தட்டையாக இருப்பதால் மேஜையில் வைத்துக் கட்டலாம். அகலத்தில் 11.7 சதவீதம் தடிமன். நம் 18 செ.மீ அகலத்துக்கு 2.1 செ.மீ வரும். முன்விளிம்பிலிருந்து ஐந்தரை செ.மீ தள்ளி அந்த உச்சம் இருக்க வேண்டும்.

வடிவத்தை 3 மி.மீ ப்ளைவுட்டில் இரண்டு அச்சாக அறுத்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, பலகையின் இரண்டு முனையிலும் குத்தி வையுங்கள். மூங்கில் வில்லில் நைக்ரோம் கம்பியை இழுத்துக் கட்டி, 12 வோல்ட் பேட்டரியில் கொடுங்கள். கம்பி சிவக்கக் கூடாது. தெர்மாகோல் மேல் வைத்தால் தன் கனத்திலேயே மெல்ல இறங்க வேண்டும், அதுதான் பதம். இன்னொன்றையும் மோட்டார்க்காரனாகச் சொல்கிறேன்: பட்டறையில் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதே என்று அதில் வோல்ட்டைக் குறைத்துக் கம்பிக்குக் கொடுக்காதீர்கள். அது மெயின் லைனிலிருந்து பிரிந்தது இல்லை. கம்பியைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. அறுக்கும்போது வரும் புகையும் கெட்டது. திண்ணையிலோ மரத்தடியிலோ வைத்து அறுங்கள்.

உள்ளே ஒரு முதுகெலும்பு வேண்டும். கடைத்தெருவில் கூடை, தட்டி முடைகிறவர்களிடம் மூங்கில் பத்தை கேட்டு வாங்குங்கள். 6 மி.மீ அகலம், 3 மி.மீ தடிமனுக்குச் சீவிக்கொள்ளலாம். சீவும்போது உட்பக்கத்தைச் சீவுங்கள், வெளித்தோல் பக்கத்தைத் தொடாதீர்கள். மூங்கிலின் நார் அங்கேதான் நெருக்கமாக இருக்கிறது. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் கூடை முடைகிற ஒரு அம்மா. அவர் கொடுத்த பத்தை மூன்று தடவை விழுந்ததைத் தாங்கி இன்னும் முறியவில்லை. இறக்கையின் அடியில் உச்சத் தடிமன் இருக்கும் இடத்தில் காடி போட்டு, பத்தையை ஃபெவிகாலில் பதித்து, ஒரு இரவு விட்டுவிடுங்கள். ரப்பர் பசையும் சூப்பர் குளூவும் தெர்மாகோலைக் கரைத்துவிடும், கிட்டேயே கொண்டுவர வேண்டாம்.

இரண்டு பாதியையும் நேராக ஒட்டாமல் லேசாக வி வடிவில் ஒட்ட வேண்டும். ஒரு பாதியை மேஜையில் படுக்க வைத்தால் மற்றப் பாதியின் நுனி 10 செ.மீ உயர்ந்து நிற்கட்டும். நம் விமானத்தில் இறக்கையில் அசையும் பாகம் கிடையாது. ரடர்தான் திருப்பும். ரடர் மூக்கை ஒரு பக்கம் தள்ளும்போது, இந்த வி இருந்தால்தான் எதிர்ப்பக்க இறக்கை காற்றை அதிகக் கோணத்தில் பிடித்து எழும்பும், விமானம் சாய்ந்து திரும்பும். சமதளமாக ஒட்டினால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும். நடு மூட்டில் ப்ளைவுட் துண்டை அதே கோணத்தில் அறுத்து அரால்டைட் வைத்து ஒட்டுங்கள். கடைசியாக இறக்கை முழுக்க இரண்டு அங்குல பேக்கிங் டேப்பைச் சுருக்கம் இல்லாமல் ஒட்ட வேண்டும். அடிப்பக்கம் ஆரஞ்சு, மேல்பக்கம் வெள்ளை என்று நாங்கள் வைத்திருக்கிறோம். உயரத்தில் எது மேல், எது கீழ் என்று தெரிவது பெரிய உதவி.

இறக்கை நுனிக்கு நெட்டி வைத்தோம். தஞ்சாவூரில் கோயில் கோபுரமும் மாலையும் செய்கிறார்களே, 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த நெட்டிதான். குளத்திலும் ஓடையிலும் வளரும் செடியின் தண்டு. பிளேடால் வழித்தால் வெண்ணெய் மாதிரி வரும், கையில் வைத்தால் கனமே தெரியாது. பலம் தாங்கும் இடத்துக்கு ஆகாது. நுனியை உருட்டவும் பேட்டரி மூடி செய்யவும் இதைவிட நல்ல பொருள் நம் ஊரில் இல்லை.

உடலும் வாலும்

உடலுக்குக் காகிதம் ஒட்டிய 5 மி.மீ ஃபோம் போர்டு. சன்போர்டு வாங்கிவிடாதீர்கள், பார்க்க ஒன்று போல இருக்கும், எடை பல மடங்கு. முன்னால் 5.5 செ.மீ அகலம், 6 செ.மீ உயரம் உள்ள பெட்டி, பின்னால் போகப் போகக் குறுகி 2 செ.மீ. மோட்டார் பலகையை ப்ளைவுட்டில் அறுத்து, கீழ்நோக்கி மூன்று டிகிரியும், பின்னாலிருந்து பார்க்கும்போது வலப்பக்கம் இரண்டு டிகிரியும் சாய்த்து ஒட்டுங்கள். மோட்டாரை முறுக்கியதும் மூக்கைத் தூக்குவதையும் இடப்பக்கம் இழுப்பதையும் இந்தச் சாய்வு அடக்கும்.

இறக்கை உட்காரும் இடத்தில் முன்விளிம்பு பின்விளிம்பைவிட 6 மி.மீ உயர்ந்திருக்கட்டும். இறக்கையை ஒட்ட வேண்டாம், உடலில் குறுக்கே இரண்டு மூங்கில் குச்சி செருகி ஆறு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். விழும்போது இறக்கை கழன்று பறந்துவிடும், ஒடியாது.

வாலுக்கும் அதே ஃபோம் போர்டுதான், ஆனால் ஒரு பக்கக் காகிதத்தைத் தண்ணீர் தொட்டு உரித்துவிடுங்கள். சர்வோ இரண்டும் இறக்கைக்கு அடியில். அங்கிருந்து வாலுக்குக் கம்பி முழுநீளம் போட்டால் கனக்கும். மூங்கில் ஈர்க்கின் இரண்டு முனையிலும் மட்டும் மெல்லிய ஜி.ஐ. கம்பியை நூலால் சுற்றிக் கட்டிவிட்டால் போதும். அசையும் பாகங்களுக்கு டேப்தான் கீல். கம்பியை மாட்டும் கொம்புக்குப் பழைய ஏடிஎம் அட்டை. படுக்கை வாலில் அசையும் எலிவேட்டர் மேலும் கீழும் 10 மி.மீ, ரடர் இருபுறமும் 20 மி.மீ அசைந்தால் சரி.

ரேடியோவுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஆறு சேனல் ரிமோட் ஒன்று வாங்கினால் பல வருடம் வரும். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்துவிட்டு, ப்ரொபெல்லர் இல்லாமல் ரிமோட்டை அணைத்துச் சோதித்துப் பாருங்கள்.

எல்லாம் கட்டி, பேட்டரியும் வைத்தபின், முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ தள்ளி இரண்டு பக்கமும் இறக்கையடியில் விரல் வைத்துத் தூக்குங்கள். விமானம் சமமாகவோ, மூக்கு இம்மியளவு தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். பேட்டரிப் பெட்டியை 4 செ.மீ கூடுதல் நீளமாக விடச் சொல்வது இதற்காகத்தான். ஐந்தாவது விமானத்தில் ஒரு கிராம் ஈயம்கூட வைக்கவில்லை.

வயலும் காற்றும்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. சுற்றிலும் வயல். ஆனால் வயல் எப்போதும் நமக்குக் காலி இல்லை. ஜூனில் மேட்டூர் திறந்தால் குறுவை, அப்புறம் சம்பா, தாளடி. சம்பா அறுக்கிறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே ஈர நிலத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். தை மாதம் அறுத்த வயல் தரிசு மாதிரி தெரியும், உள்ளே உளுந்து முளைத்திருக்கும். அதில் கால் வைப்பது ஒருவர் சோற்றில் கால் வைப்பது. உளுந்தும் எடுத்தபின், சித்திரை வாக்கில், வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அதிலும் களி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் வயலைவிட, தாள் கட்டை கொஞ்சம் மிச்சம் இருக்கும் வயல் நல்லது. சக்கரம் இல்லாத நம் விமானம் வயிற்றால் இறங்குகிறது, அதற்குத் தாள் மெத்தை மாதிரி.

காலை ஆறு மணியிலிருந்து ஏழரை வரைதான் எங்கள் நேரம். பிறகு வெயில் ஏற ஏறக் காற்று புரளும், பிற்பகலில் கடற்காற்று வந்துவிடும். ஆடி மாதம் முழுக்க விமானத்தைப் பரணில் வைத்துவிடுவோம். பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பி, தென்னை, கொக்குக் கூட்டம் மூன்றையும் பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள். அறுத்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் இருந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். சத்தம் கேட்டு வாத்துகள் மிரண்டு சிதறினால் அவர்களால் ஒரு நாள் முழுக்கத் தேடினாலும் சேர்க்க முடியாது.

தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, 2020 ஜனவரியிலிருந்து சுகோய் விமானப் படைப்பிரிவும் இருக்கிறது. அந்தப் பக்கம் பறக்கவே விடாதீர்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்பகுதி பிரித்திருக்கிறது. உங்கள் வயல் பச்சையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மற்ற விதிகளையும் அங்கேயே படித்துவிடுங்கள். கண்ணுக்கு எட்டும் தூரம், மூன்று தென்னை உயரம், அதுக்கு மேல் நாங்கள் விடுவதில்லை.

பறக்க விடுதல்

முதலில் மோட்டார் இல்லாமல். காற்றுக்கு எதிரே நின்று, தோள் உயரத்தில், தரைக்குச் சமமாக ஈட்டி எறிவதுபோலத் தள்ளுங்கள், மேல்நோக்கி வீசாதீர்கள். பத்துப் பன்னிரண்டு மீட்டர் வழுக்கிக்கொண்டு போய் இறங்கினால் சரி. மூக்கைத் தூக்கி நின்று விழுந்தால் பேட்டரி முன்னே போக வேண்டும். நேராகத் தரையில் குத்தினால் பேட்டரியை அரை செ.மீ பின்னே எடுங்கள். மூன்று எறிதல் ஒரே மாதிரி இறங்கும்வரை மோட்டாரைப் போடுவதில்லை என்று எங்களுக்குள் பேச்சு.

பிறகு மோட்டாரை முக்கால் பங்கு முறுக்கி, ஒருவர் எறிய ஒருவர் ரிமோட் பிடியுங்கள். முப்பது மீட்டர் ஏறும்வரை திரும்ப வேண்டாம். ஏறியபின் பாதிக்குக் குறைத்து, அகலமான வட்டமாகச் சுற்றுங்கள். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிப்போகும், புதியவர்கள் எல்லோரும் அங்கேதான் தடுமாறுவார்கள். மருமகள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி: “எந்த றெக்க தாழுதோ அந்தப் பக்கமே குச்சியத் தள்ளு மாமா, தாங்குகோல் வைக்கிற மாதிரி.” அது எனக்கும் கைகொடுத்தது.

கடிகாரத்தில் எட்டு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இன்னும் கொஞ்சம் இழுக்கும், ஆனால் செல் ஒன்று மூன்றரை வோல்ட்டுக்குக் கீழே போகவிடுவது லிப்போவுக்கு நல்லதில்லை. இறங்கும்போது காற்றுக்கு எதிராகத் திருப்பி, வயலின் மறுவரப்பு தாண்டியதும் மோட்டாரை நிறுத்திவிடுங்கள். தானாக வழுக்கி இறங்கும். தரைக்கு இரண்டடி இருக்கும்போது எலிவேட்டரை மெல்ல இழுத்தால் தாளின் மேல் சரசரவென்று உட்காரும்.

வீட்டுக்கு வந்ததும் ப்ரொபெல்லரில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இருந்தால் மாற்றிவிடுங்கள். ரப்பர் பேண்டை நம் வெயில் ஒரு மாதத்தில் இற்றுப்போக வைக்கும், கணக்குப் பார்க்காமல் புதிது போடுங்கள். பேட்டரியை வண்டியின் டேங்க் கவரில் வெயிலில் விடக் கூடாது. சூடு ஆறியபின், செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரில் செல்லுக்கு 3.8 வோல்ட் வரை ஏற்றி, மண் நிரப்பிய வாளிக்குள் வைக்கிறோம். மறுநாள் காலை பறக்கப் போகிறோம் என்றால் மட்டும் ஐந்து மணிக்கு எழுந்து 4.2 வரை ஏற்றுவேன். அந்த நேரத்தில் மருமகள் ஏற்கெனவே விழித்து, தராசில் வாலை வைத்து இன்னும் எதைச் சீவலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.